ஏட்டுச் சுரைக்காய்



‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. படிப்பை மட்டும் நம்பி அனுபவத்தைக் கைவிட்டவரைக் கேலி செய்ய இதனைச் சொல்வார்கள். ஆசிரியர் ஒருவரைக் கண்டுவிட்டால் இப்பழமொழியை எடுத்து விடாதவர் அரியர். முப்பத்தைந்து ஆண்டுகள் இதனைக் கேட்டுப் பழகியவன் நான். இன்று இப்பழமொழியோடு சற்றே வழக்காட வந்திருக்கிறேன். ஏட்டில் எழுதிய சுரைக்காய் கறிக்கு உதவும்; எழுதாமல் விட்ட சுரைக்காய்தான் ஒருநாள் எவருக்கும் உதவாமற் போகும். இதுவே என் கட்சி.

முதலில் என் குறையை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு உணவில் விருப்பம் மிகுதி. உணவைப் பற்றிய நூல்களில் அதனினும் மிகுதி. பிறர் நாவல் படிப்பதுபோல் நான் சமையல் நூல் படிப்பேன். 1985-இல் தீக்கு இரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில், என் வயதொத்த இளைஞர்கள் துப்பறியும் கதைகளைத் தேடிக்கொண்டிருக்க, நான் மஞ்சட்கறை படிந்த சமையற் புத்தகங்களைத் தேடுவேன். எந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை அதிகமோ அந்தப் பக்கத்துப் பண்டம் அந்த வீட்டார்க்குப் பிடித்தமானது என்று கண்டுகொள்வேன். “இத்தனை படித்தும் உங்களுக்கு ஒரு வெங்காயம் நறுக்கத் தெரியவில்லையே” என்று என் மனைவியார் சொல்வது உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

சமையலுக்கு நூல் எழுதும் வழக்கம் நேற்று வந்ததா? அன்று. சங்கநூல்களுள் பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கொடையைப் புகழ்வது. அம்மன்னன் தன்னை நாடி வந்த பாணருக்கு இட்ட உணவு எத்தகையது தெரியுமா? வீமசேனன் செய்த சமையல் நூலின் நெறியிலிருந்து வழுவாமற் சமைத்த பல்வகை உணவு என்கிறார் புலவர். அவர் காலத்திலேயே அடுக்களைக்கு ஒரு நூல் உண்டு என்ற எண்ணம் தமிழரிடையே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

அதே பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அரண்மனையை அடையும் முன் பாணர்கள் கடற்கரை வழியே வருகிறார்கள். எயிற்பட்டினத்தில் பரதவர் அவர்களுக்குச் சுட்ட குழல்மீன் தருகிறார்கள். பின்னர் ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை கிடைக்கிறது. அரண்மனைச் சமையலுக்கு நூல் உண்டு என்று சொன்ன புலவர், இந்தச் சுட்ட மீனுக்கும் நண்டுக்கும் நூல் உண்டு என்று சொல்லவில்லை. அவை கையிலிருந்து கைக்கு வந்தவை. ஓர் அடுப்புக்கு நூல் உண்டு. மற்றோர் அடுப்புக்கு இல்லை. இந்த வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் அதனைச் சுற்றியே செல்லப் போகிறது.

பிற்காலத்திற்கு வருவோம். 1878-ஆம் ஆண்டு, சென்னையிலேயே புகழ்பெற்ற சமையல் நூல் ஒன்று வெளிவந்தது. எழுதியவர் கெனி-ஹெர்பர்ட் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி. வைத்துக்கொண்ட புனைபெயர் வைவர்ன். நம் ஊரில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்காக அவர் எழுதியது. நம் கறி வகைகளையும் அவர் விடவில்லை. நூல் நல்ல நூலே. ஆனால் அந்த வீடுகளின் அடுப்படியில் புகையில் நின்று சமைத்த சென்னைக் கைகளின் பெயர் நமக்குத் தெரியவில்லை. எழுதியவர் பெயர் நின்றது. சமைத்தவர் பெயர் நிற்கவில்லை.

சமைத்த கையே எழுதவும் முன்வந்தால் எப்படி இருக்கும்? அதற்கு விடையாக 1951-இல் ஒரு நூல் வந்தது. ‘சமைத்துப் பார்’ என்பது அதன் பெயர், எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்தவர்; இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைத் தோளில் ஏற்றவர். அவருடைய கைப்பக்குவத்தை அறிந்த உறவினர்கள், ‘இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், இவற்றையெல்லாம் ஒரு நூலாகவே எழுதிவிடலாமே என்று ஊக்கினார். இவ்வாறு பிறந்தது அந்நூல். பின்னர் அடுத்தடுத்த பகுதிகள் வந்தன. பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அம்மையார் 1962-இல் மறைந்தார். நூல் மறையவில்லை. திருமணமாகி வெளிநாடு செல்லும் பெண்ணின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே அந்நூலையும் வைத்து அனுப்பிய தாய்மார் பலர்.

ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்நூலை நான் வியக்கிறேன். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அம்மையார் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் பயிலாமலே அவ்விதியைக் கைக்கொண்டிருக்கிறார். இன்ன பொருள், இத்தனை அளவு என்று முதலில் சொல்லிவிட்டுப் பின்னரே செய்முறைக்குச் செல்கிறார். எதிரே நிற்பவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் அதற்காக அவளை இகழ்வதில்லை. நல்லாசிரியர்க்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்?

அளவைப் பற்றி ஒரு சொல். அக்காலத்து வீடுகளில் ஆழாக்கு, படி, பலம், வீசை என்ற அளவைகளே வழங்கின. எட்டு ஆழாக்கு ஒரு படி. நாற்பது பலம் ஒரு வீசை. 1958-இல் நம் நாட்டில் மெட்ரிக் எடைமுறை புழக்கத்திற்கு வரத் தொடங்கியது. இன்று உங்களில் எவரும் பலத்தைக் கண்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் ஒரு பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம் என்று கணக்கிட்டு, பழைய குறிப்பை இன்றும் நாம் மீட்டுக்கொள்ளலாம். அளவை மாறினாலும் எழுதிய அளவு மீளும். ‘கண்ணளவு’ என்பதோ அந்தக் கண்ணோடு போய்விடும்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் ஜூலியா சைல்டு என்ற அம்மையார் 1961-இல் பிரெஞ்சுச் சமையலைப் பற்றி இருவரோடு சேர்ந்து பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலைப் பற்றி உரையாடுவதற்காகத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று அவரை அழைத்தது. அவர் பேசியதோடு நில்லாமல் அங்கேயே முட்டை அடை சுட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் மேலும் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். 1963-இல் அவருடைய சமையல் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. ஆக, ஏட்டுச் சுரைக்காயே திரைக்கும் வழி திறந்தது!

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் பெட்டி இருந்தது. அவ்வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் தெருவே கூடியிருக்கும். 1993-இல் சஞ்சீவ் கபூரின் இந்தி நிகழ்ச்சி நாடெங்கும் பரவியது. தமிழில் தாமோதரன், கவிஞர் கண்ணதாசனின் மகளார் ரேவதி சண்முகம் போன்றோர் திரையில் தோன்றிச் சமைத்துக் காட்டி வீட்டுக்கு வீடு அறிமுகமாயினர். இன்று கைப்பேசியே தொலைக்காட்சி ஆகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர் பேரன்மாரும் 2018-இல் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்துப் படம்பிடித்து வெளியிடத் தொடங்கினர். 2021-க்குள் அவர்களுடைய யூடியூப் அலைவரிசையில் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டனர்.

திரைக்கு ஒரு பெருமை உண்டு. நூல் ‘பாகு கம்பிப் பதம் வந்ததும் இறக்குக’ என்று எழுதிவிடும். அந்தப் பதம் எது என்பது பழகாத கைக்குத் தெரியாது. திரையிலோ, இரு விரலுக்கு நடுவே பாகு இழையாக நீளுவதைக் கண்ணால் காணலாம். கடுகு எப்போது வெடித்தது, வெங்காயம் எப்போது நிறம் மாறியது என்று காணலாம். ஆனால் திரைக்குக் குறையும் உண்டு. அதற்கு மணம் இல்லை. அரைமணி நேரக் கொதியை அரை நிமிடத்தில் முடித்துவிடும். ஓரத்தில் ‘அம்மா சொன்னது: புளி குறைக்க’ என்று எழுதி வைக்க அதில் இடமும் இல்லை. நூலும் திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஒன்று சொல்லும், மற்றொன்று காட்டும். இரண்டும் வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் ஒரு குறை என் நெஞ்சில் நெடுநாளாக உறுத்துகிறது. இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் எங்கள் பகுதியின் சமையலை நான் சேர்த்த நூல்களில் தேடினேன். மிகச் சொற்பமாகவே கிடைத்தது. மீனாட்சி அம்மாள் நூலில் மீன் இல்லையே என்று நான் குறைகூற மாட்டேன். அவர் தம் வீட்டு அடுக்களையை எழுதினார், நேர்மையாக எழுதினார். நம் வீட்டு அடுக்களையை நாம் எழுதாமல் இருந்துவிட்டு, அவர் எழுதவில்லையே என்றால் அது நியாயமா?

எங்கள் பகுதியில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்களானால், நிறைய இருக்கிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. கப்பலும் இரயிலும் கூடும் இடத்தில் பலவகை மக்களும் கூடினர். அவரவர் அடுப்பும் கூடவே வந்தது. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்ட பின்னர், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் பலர் சொத்தை இழந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். அவர்களுக்குப் பிழைப்பளித்த பர்மா பஜார் 1969-இல் உருவாயிற்று. பெட்டியில் பொன்னைக் கொண்டுவர இயலாதவர்கள் நாவில் ஒரு சுவையைக் கொண்டுவந்தார்கள். அதுவே துறைமுகத்துக்கு எதிர்ப்புறத் தெருக்களில் மாலைநேர வண்டிகளில் விற்கும் அத்தோ. சேமியாவைவிடப் பருத்த கோதுமை இழையில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சாறு. எந்தச் சமையல் நூலைப் பார்த்தும் அவர்கள் அதைச் செய்யவில்லை. கடல் கடந்து வந்தது ஒரு கைப்பழக்கம்.

கைப்பழக்கம் கைமாறும் வரையில் கவலை இல்லை. கைமாறாமல் நின்றுவிட்டால்? அதற்கு என் வீட்டுக் கதையையே சான்றாகச் சொல்கிறேன்.

என் தாயார் மடவை மீனில் ஒரு குழம்பு வைப்பார். கடல் மீன் அன்று, எண்ணூர்க் கழியின் மீன். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்தச் சேற்றுத் தரையில் மேயும் மீன். அக்காலத்தில் கழியில் இடுப்பளவு நீரில் அமர்ந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கும் பெண்கள் உண்டு. அவர்களோடு வரும் மீன்காரம்மாவிடம் என் தாயார் மடவை வாங்குவார். கோடைக்காலமானால் குழம்பில் மாங்காய்த் துண்டும் விழும். மண்சட்டியில் வைத்த அக்குழம்பை மறுநாட் காலையில் பழைய சோற்றோடு உண்டவன் வேறொன்றையும் புகழ மாட்டான்.

ஒருமுறை நான் கேட்டேன்: “அம்மா, இதில் என்னென்ன, எவ்வளவு போடுகிறீர்கள்?” அவர் சிரித்துக்கொண்டே, “புளி ஒரு எலுமிச்சங்காய் அளவு, உப்பு கண்ணளவு, மற்றதெல்லாம் கைக்குத் தெரியும், கண்ணு” என்றார். நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் ‘குறிப்பெடு, குறிப்பெடு’ என்று தொண்டை வறளச் சொன்னவன், என் வீட்டு அடுப்படியில் ஒரு வரி குறிப்பெடுக்கவில்லை. தாயார் மறைந்தபின் அந்த ஆசை வந்தது. நானும் என் மனைவியாரும் மும்முறை முயன்றோம். மூன்றும் குழம்புதான், அந்தக் குழம்பு அன்று.

என் தமக்கையார் திருவொற்றியூரில் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தராசும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் எதைக் கையில் எடுத்தாலும், சட்டியில் விழும் முன் தடுத்துத் தராசில் இடச் சொன்னேன். “ஏண்டா தம்பி, குழம்பு வைக்கத் தராசு எதற்கு? நான் என்ன பலசரக்குக் கடையா வைத்திருக்கிறேன்?” என்று கடிந்துகொண்டார். அரைக்கிலோ மீனுக்கு அவர் எடுத்த ‘எலுமிச்சங்காய் அளவு’ புளியை நிறுத்தேன், 30 கிராம். அதைத் திரும்பப் போட்டுவிட்டு மீண்டும் எடுக்கச் சொன்னேன், 31. மறுபடியும், 29. அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கண்ணளவு என்பது அளவில்லாமை அன்று. ஐம்பதாண்டுப் பயிற்சி ஒரு விரல்நுனியில் வந்து நிற்பதற்குப் பெயர் கண்ணளவு. அதை அறிவின்மை என்று நினைப்பவனே அறிவிலி.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணமும் இருந்தது. மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்துக் கழுவினார். புளிக்கரைசலை முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பச்சை வாசனை போனபின், கடைசியில்தான் மீனை இட்டார். அதன்பின் கரண்டி போட்டுக் கிளறவே இல்லை, சட்டியைப் பிடித்து மெல்லச் சுழற்றினார். ‘ஏன்’ என்று கேட்டால், “அப்படித்தான்” என்பார். விஞ்ஞானம் அந்த ‘அப்படித்தான்’ என்பதை விளக்குகிறது. மீனின் கவிச்சு வாடைக்குப் பெருங்காரணம் டிரைமெத்திலமீன் என்னும் காரப்பொருள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதனோடு கூடி, ஆவியாகிப் பறக்காத உப்பாக மாற்றிவிடுகிறது, வாடை அடங்குகிறது. மீன் தசையின் நார்களைப் பிணைக்கும் இழைமம் ஆட்டிறைச்சியில் உள்ளதைவிடக் குறைவு. குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். ஆகவே சில நிமிடத்தில் வெந்துவிடுகிறது, கிளறினால் உடைந்துவிடுகிறது. நம் பாட்டிமார் இரசாயனம் படிக்கவில்லை; ஆனால் இரசாயனத்துக்கு மாறாக ஒன்றும் செய்யவில்லை.

அன்றைய குழம்பு தாயாரின் குழம்புக்கு மிக அருகில் வந்தது. ஆயினும் ஒன்று குறைந்தது. அது குழம்புத் தூள். தாயார் மிளகாயும் மல்லியும் பிறவும் வெயிலில் உலர்த்தித் தாமே மாவு மில்லுக்கு எடுத்துச் செல்வார். அந்த விகிதம் தமக்கையாருக்கும் தெரியாது. பாதி மீண்டது, பாதி போயிற்று. போனது போனதுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மறுமுறை அதே குழம்பு வைக்க விரும்பியபோது, கழி மடவை எளிதிற் கிடைக்கவில்லை. எண்ணூர்க் கழியில் ஆண்டுக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையை அடுத்து எண்ணெய்க் கழிவு கழியெங்கும் பரவி, வலையும் படகும் அலையாத்திச் செடிகளும் கருமை பூண்டன. முகத்துவாரக் குப்பங்களின் மக்கள் நாட்கணக்கில் தொழிலுக்குச் செல்ல இயலாமல் நின்றனர். சமையற் குறிப்பு என்பது உப்பு, புளிக் கணக்கு மட்டும் அன்று. ஓர் ஆற்றின் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

‘எழுதி வைத்தால் கழி பிழைத்துவிடுமா?’ என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். பிழைத்துவிடாது. ஆனால் இந்தக் கழியில் இன்ன மீன் இருந்தது, அதை இன்னவர் பிடித்தார், இன்னவாறு சமைத்தோம் என்று அறிந்தவனே, ‘அது எங்கே போயிற்று?’ என்று கேட்பான். இருந்ததையே அறியாதவனுக்கு இழந்தது தெரியாது.

ஆகவே, இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் சமைக்கும் ஒரே ஒரு பண்டத்தை எழுதுங்கள். ஆண்பிள்ளைகளும் எழுத வேண்டும். என்னைப்போல் உண்பதோடு நின்றுவிடலாகாது. கையளவை நிறுத்து எழுதுங்கள். பதத்தை எழுதுங்கள்: என்ன நிறம், என்ன மணம், என்ன ஓசை. பொருள் எங்கே வாங்கியது, எந்தப் பருவத்தில் கிடைப்பது என்று எழுதுங்கள். கைப்பேசி இருந்தால் அவர் கையைப் படமும் பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில், சமைத்தவர் பெயரை எழுதுங்கள். சமைத்தவர் பெயர் நிற்காமற் போனது போதும்.

பிறகு அதைப் பார்த்து நீங்களே ஒருமுறை சமையுங்கள். தீய்ந்துபோனாலும் வருந்த வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எவரேனும் கேலி செய்தால், ஒரு கிண்ணம் குழம்பை அவர்முன் வையுங்கள். அதுவே தக்க மறுமொழி.